சரியாயிரும் அண்ணனும் பாஸ்கா லேப்டாப்பும்

'போச்சு' என்ற சொல்லை ஒரு தடவைகூட வாயால் சொல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் புதுக்கோட்டையில், கீழ ராஜ வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மேன்ஷனின் மாடியில், என் அறைக்கு எதிர் அறையில் குடியிருந்தார்.

குடை காற்றில் பறந்து போனாலும், ஓடி வந்து ஏறப் போன பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனாலும், மெஸ்ஸில் கடைசித் தோசை பக்கத்து இலைக்குப் போனாலும் அவர் சொல்வது ஒன்றேதான்: "சரியாயிரும்." நாளடைவில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். கூரியர் பையன்கூடக் கீழே நின்று, "சரியாயிரும் சாருக்கு ஒரு பார்சல்!" என்றுதான் கத்துவான். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவார்.

ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவருக்கு வேலை. படித்தது எம்.ஏ. வரலாறு.

"கம்ப்யூட்டர் எங்கண்ணே படிச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"படிச்சா பயம் வந்துரும் தம்பி. அதான் படிக்கல" என்றார்.

அவர் கைபட்டுப் பிழைத்த இயந்திரங்கள் நிறைய. கைபட்டதாலேயே கண்ணை மூடியவையும் உண்டு. அதை மறைத்தால் பாவம். மேன்ஷன் முதலாளியின் அயர்ன் பாக்ஸை வாங்கிப் பழுதுபார்த்துக் கொடுத்தார். அதன்பிறகு அதில் கைப்பிடி மட்டும் அருமையாகச் சூடேறியது. இன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டினார். கரண்ட் இருக்கும்போதெல்லாம் அது ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. கரண்ட் போன இருட்டில் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "யோவ், என்னய்யா இது?" என்று கேட்டபோது, இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "சரியாயிரும்ங்க."

வேலை செய்யும்போது அவருக்கு ஓர் இட்லித் தட்டு வேண்டும். லேப்டாப்பின் அடிப்பாகத்தைக் கழற்றும்போது எந்த மூலைத் திருகாணியோ, அதை அந்தந்த மூலைக் குழியில் போட்டு வைப்பார். திரும்ப மாட்டும்போது தடுமாற்றமே இருக்காது. ஒரே ஒரு சங்கடம், அது மெஸ்ஸின் தட்டு. காலையில் மாவு ஊற்றப் போன மாஸ்டர், குழியெல்லாம் திருகாணி இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் உப்புமா சாப்பிட்டோம்.

அவருக்கென்று ஒரு சித்தாந்தமும் இருந்தது. அது எனக்குத் தெரியவந்தது ஒரு செராக்ஸ் கடை அக்காவால். எந்தத் தாளைப் போட்டாலும் நட்டநடுவில் சிவப்பாக ஒரு கோடு போட்டுத் துப்புகிறது என்று பிரிண்டரை இடுப்பில் சுமந்துகொண்டே மாடியேறி வந்துவிட்டார். கடையில் கொடுத்தால் நாளாகும் என்ற அவசரம்.

அண்ணன் பிரிண்டரைத் தொடவே இல்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இதுக்கு என்ன நல்லது செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஐயோ, நான் ஒரு கெடுதலும் பண்ணலைங்களே!"

"கெடுதலைக் கேக்கலைங்க. நல்லது. நல்லது என்ன செஞ்சீங்க?"

அக்கா யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் மிஷினுக்கு வெளியேதான் பொட்டு வைக்கிறார்கள்; உழைப்பது உள்ளே இருப்பதுதானே என்று மூடியைத் திறந்து, உருளைக்கெல்லாம் சந்தனம் பூசி, கைநிறையக் குங்குமம் வைத்திருக்கிறார். அண்ணன் எனக்குப் பாடம் சொல்வதுபோல என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா தம்பி? மிஷினை யாரும் வேணும்னு கெடுக்கிறதில்ல. பாசம் வச்சுத்தான் கெடுக்கிறாங்க."

இந்தப் பாடத்தை நான் அப்போதே மறந்துவிட்டேன். அதுதான் பின்னால் எங்கள் ஊரையே கதிகலங்க வைத்தது.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம், நாடகக் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டி வருஷா வருஷம் எங்கள் கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகம் நடக்கும். இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிப்பார்கள். ஆனால் மேடையில் யாரும் பேச மாட்டார்கள். வசனம், பாட்டு எல்லாம் முன்பே பதிவு செய்தது. ஒலிபெருக்கியில் குரல் வரும், மேடையில் இருப்பவர் அதற்கேற்ப வாயசைப்பார். பதிவு செய்தது பல வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் ஒரு ஸ்டுடியோவில். அந்த இடத்தில் இப்போது பரோட்டாக் கடை இருக்கிறது.

அந்தப் பதிவில் இயேசுவாகப் பேசியவர் லூர்து சார். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். அப்படி ஒரு குரலை நான் பிறகு கேட்டதில்லை. அதட்டவே தெரியாத குரல், ஆனால் கடைசி பெஞ்சுவரை வந்து தோளில் கை வைக்கும். பிறகு அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. இப்போது அவர் பேசுவதெல்லாம் கையாலும் கண்ணாலும்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பாஸ்கா அன்று, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்பார். ஊரே மேடையைப் பார்க்கும். நான் சாரைத்தான் பார்ப்பேன்.

இவ்வளவு அருமையான பதிவு எத்தனை இடத்தில் இருக்க வேண்டும்? ஒரே இடத்தில் இருந்தது. காரணம், கமிட்டித் தலைவர் ஆரோக்கியம் மாமா. காப்பி எடுத்தால் அது பக்கத்து ஊர்க்காரன் கைக்குப் போய்விடும், அவன் நம் லூர்து சார் குரலை வைத்து நம்மைவிட நன்றாக நாடகம் போட்டுவிடுவான் என்று பயந்து, யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் கோயிலுக்கென்று வாங்கித் தந்த லேப்டாப்பில் அது இருந்தது. சவுண்டுக்குப் பொறுப்பு நான்.

அந்த வருஷம் உடை கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். சிலுவையைத் தூக்கிக்கொண்டு, இயேசு வேஷம் கட்டிய அந்தோணி மேடைக்கு வந்து, வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் லேப்டாப் திரை நீலமாகி, அதில் ஓர் அழுமூஞ்சி.

"என்னாச்சு மாப்ள?" என்று ஆரோக்கியம் மாமா பதறி ஓடிவந்தார்.

அணைத்துப் போட்டேன். வந்தது. கொஞ்ச நேரம் பேசியது, மறுபடி அழுமூஞ்சி. மறுபடி அணைத்துப் போட்டேன், இந்தத் தடவை யூதாஸ் முத்தமிடப் போன இடத்தில் நின்றது. யூதாஸ் உதட்டைக் குவித்தபடி வெகுநேரம் காத்திருந்தான்.

"இந்த வருஷம் மைக்கில நேரடியாப் பேசிருவோம்" என்று யாரோ யோசனை சொன்னார்கள். அந்தோணி தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பார்க்க அச்சு அசலாக இயேசுதான். தாடிகூடச் சொந்தத் தாடி. சிலுவையில் தொங்கியபடி ஒரு வசனத்தை உருக்கமாகப் பேசிக் காட்டினான். 'கீரனூர், கீரனூர்' என்று ஆள் ஏற்றுவதுபோலவே இருந்தது. அவனே இறங்கிவிட்டான்.

லேப்டாப்பை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்தேன். சரியாயிரும் அண்ணன் இட்லித் தட்டோடு தயாராக இருந்தார்.

"ரெக்கார்டிங் எங்க வச்சிருக்கீங்க? டி டிரைவ்லதான?"

"டெஸ்க்டாப்ல வச்சிருக்கேண்ணே."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பழுதான சிஸ்டத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் டி டிரைவில் இருப்பது தப்பிக்கும், டெஸ்க்டாப்பில் இருப்பது துடைப்பத்தோடு போய்விடும். எனக்கே அது தெரியும். ஒரு மூச்சு இழுத்து விட்டுத்தான் அவரால் சொல்ல முடிந்தது: "சரியாயிரும்."

முதலில் காப்பி எடுத்துவிடலாம் என்று பார்த்தார். மூன்று மணி நேர நாடகமும் ஒரே கோப்பு. பாதி ஏறும், அழுமூஞ்சி வந்துவிடும். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்று திறந்து பார்த்தார். அந்த மாடலில் டிஸ்கைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவைத்திருந்தார்கள், கழற்ற வழியில்லை.

"பரவால்ல. பழைய வீட்டுல கை வைக்க வேணாம். பக்கத்துக் காலி மனையில ஒரு கொட்டாயப் போடுவோம். அதுக்குள்ள நின்னுக்கிட்டுப் பழைய வீட்டுச் சாமானை எடுத்துருவோம்" என்றார். அதாவது, டி டிரைவில் புதிதாக ஒரு சிஸ்டத்தை ஏற்றி, அதன் வழியாக உள்ளே போய்ப் பதிவை எடுத்துவிடுவது. எனக்கு உயிர் வந்தது.

கொட்டகை பாதிவரை எழும்பியது. பிறகு, ஏதோ கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லிப் படுத்துவிட்டது. மறுபடி போட்டார். பாதி தாண்டியது, படுத்தது.

"பென் டிரைவ் சரியில்ல" என்றார் அண்ணன்.

செய்தி மேன்ஷன் முழுக்கப் பரவியது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் தன் பென் டிரைவைக் கொண்டுவந்தார். மெடிக்கல் ரெப் சிரிஞ்சு வடிவத்தில் ஒன்று கொடுத்தார். கல்யாண போட்டோ எடுப்பவர் ஒரு கைப்பிடி கொடுத்தார். ஒவ்வொன்றிலும் சிஸ்டத்தை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தோம். அறை வாசலில் கிரிக்கெட் பார்ப்பதுபோலக் கூட்டம். சதவீதம் ஏற ஏற ஆளாளுக்கு மூச்சைப் பிடிப்பார்கள். "தாண்டிருச்சு, தாண்டிருச்சு!" என்று போட்டோக்காரர் கத்தியதும் அது விழும். அப்புறம் அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள், அவருடைய வாய்தான் காரணம் என்று. வெளியே நின்றபோதும் விழுந்தது.

அண்ணன் ஒவ்வொரு தடவையும் "சரியாயிரும்" என்றார். முதல் தடவை சொன்னது ஓர் அறிவிப்பு. பிறகு அது ஆறுதலாயிற்று. மறுநாள் மத்தியானத்துக்குள் லேப்டாப்பிடம் கெஞ்சுவதுபோல ஆகிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து ஆரோக்கியம் மாமா அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து, "மாப்ள, அங்கிட்டு என்ன நெலவரம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில்தான் மாடிப்படியில் ஒருவர் மெதுவாக ஏறி வந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. லூர்து சார்.

எழுந்து நின்றேன். சார் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, தன் போனில் தட்டி நீட்டினார். 'மாத்திரை வாங்க டவுனுக்கு வந்தேன். சும்மா எட்டிப் பார்த்தேன்' என்று இருந்தது. மாத்திரைச் சீட்டு எதுவும் கையில் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அழுமூஞ்சித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கோபித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"யாரு தம்பி?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார்.

"இந்த ரெக்கார்டிங்ல பேசுனவுக. இப்ப இவுகளுக்குப் பேச்சு வராதுண்ணே. இவுக கொரல் இருக்கிறது இதுக்குள்ள மட்டுந்தான்."

சரியாயிரும் அண்ணன் வழக்கமான வார்த்தைக்கு வாயைத் திறந்தார். சாரைப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. வாயை மூடிக்கொண்டு, ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். அவர் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான். டீ வந்தது. சார் குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் திடீரென்று தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார்.

"அடடா! கேக்க வேண்டியதக் கேக்கவே இல்லையே! தம்பி, இதுக்கு என்ன நல்லது செஞ்சீங்க?"

"நானா? நான் ஒண்ணுமே செய்யலண்ணே. துணிகூடப் போட்டுத் தொடைக்கல."

"ஒங்க ஊர்ல? யாராச்சும்? நல்லா யோசிங்க."

லூர்து சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்தார். இடது கையில் ஒரு பாத்திரத்தைப் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு, வலது கையை அதில் முக்கி எடுத்து, லேப்டாப்பின் மேல் தெளிப்பதுபோல உதறிக் காட்டினார். ஒரு கணம் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்து, இன்னொரு தடவை நன்றாக ஓங்கி உதறினார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. ஒத்திகை தொடங்கும் முன் நாடகச் சாமான்களை எல்லாம் கோயில் முன்னால் அடுக்கி வைப்போம். சிலுவை, ஈட்டி, முள்முடி, ஆம்ப்ளிபயர். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். அந்த வருஷம் லேப்டாப்பையும் அந்த வரிசையில், நன்றாக விரியத் திறந்து வைத்தது சாட்சாத் நான்தான்.

ஃபாதருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தோத்திரம் சாமி. லேப்டாப் மேல தீர்த்தம் தெளிச்சீங்களா?"

"தெளிச்சேனே! போன வருஷம் நடுவுல சத்தம் நின்னு ரொம்ப சங்கடமாப் போச்சுல்ல? அதான் அதுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாத் தெளிச்சேன். ஏன்ப்பா, இப்ப நல்லா ஓடுதா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் போன் பக்கம் குனிந்தார். "சரியாயிரும் ஃபாதர்!" இந்தத் தடவை அது பழைய குரலில் வந்தது.

அடிமூடியைக் கழற்றி, திருகாணிகளைக் குழி குழியாகப் போட்டார். உள்ளே கூடுதலாக ஒரு மெமரி அட்டை சொருகியிருந்தது; லேப்டாப் வேகமாக ஓடட்டும் என்று சிங்கப்பூர்ப் பையன் போட்டுக் கொடுத்தது. இந்தத் தடவை அதையும் உருவிப் பார்த்தார். பல்லிடுக்கெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. எதைப் படித்தாலும் எதை எழுதினாலும் இந்த அட்டை வழியாகப் போகும்போது சிதைந்திருக்கிறது. பென் டிரைவ்கள்மேல் பாவம், ஒரு குற்றமும் இல்லை. அண்ணன் அட்டையை நடுக்குழியில் வைத்தார். "பலகையிலயே கொஞ்சம் மெமரி இருக்கு. மெதுவா ஓடும். ஓடட்டும்."

புது சிஸ்டம் எதுவும் தேவைப்படவில்லை. பழைய சிஸ்டமே, தூங்கி எழுந்த ஆள் சோம்பல் முறிப்பதுபோல ஆடி அசைந்து வந்து நின்றது. காப்பி போட்டார். பாதி. பாதியைத் தாண்டியது. போட்டோக்காரர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது.

அண்ணன் பென் டிரைவைத் தன் லேப்டாப்பில் சொருகித் திறந்து பார்த்தார். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து லூர்து சார் பேசினார். மேன்ஷன்காரர்கள் யாரும் அதுவரை கேட்டிராத குரல். நாலு வசனம் போனதும் அண்ணன் நிறுத்தினார். "மிச்சத்த நாடகத்துல கேட்டுக்கலாம் சார்." சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு துண்டு தேவைப்பட்டது.

பிறகு அண்ணன் செய்ததுதான் வேடிக்கை. மேன்ஷனில் சேர்ந்திருந்த பென் டிரைவ் எல்லாவற்றிலும் பதிவை ஏற்றிவிட்டார். நாடகத்தன்று அவரும் எங்கள் ஊருக்கு வந்து அந்தக் கொத்தை ஆரோக்கியம் மாமாவிடம் நீட்டினார். மாமாவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"என்னங்க இது? கமிட்டியில காப்பியே எடுக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். பக்கத்து ஊருக்குப் போயிருமே!"

"போகட்டுமேங்க. நல்ல கொரல்தான? நாலு ஊரு கேக்கட்டும்."

மாமா லூர்து சாரைத் திரும்பிப் பார்த்தார். சார் ஒரு பென் டிரைவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதியைத் தாராளமாகக் கொடு என்று கையை விரித்துக் காட்டினார். கமிட்டி முடிவு அந்த இடத்திலேயே ரத்தானது.

பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. பழைய லேப்டாப்தான் ஓட வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். பாதியில் விட்டுவிட்டால் அதற்கு மனசு உடைந்துபோகுமாம். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலண்டர் அட்டையால் அதற்கு விசிறிக்கொண்டே இருந்தார். அவருக்கு வியர்த்து ஊற்றியது, லேப்டாப் ஜில்லென்று இருந்தது. ஃபாதர் இந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் ஆரோக்கியம் மாமா குறுக்கே நின்றுகொண்டார். யூதாஸ் காத்திருக்காமல் முத்தமிட்டான். அந்தோணி சிலுவையில் தொங்கி வாயசைத்தான். முன்வரிசையில் லூர்து சாரின் உதடுகளும் அசைந்தன. குரல் மைதானத்தைத் தாண்டி, ரோட்டில் நின்ற பஸ்ஸுக்குள்ளும் போயிருக்கும். ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

முடிந்ததும் சார் எங்களிடம் வந்தார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குறும்பாகச் சிரித்து, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, லேப்டாப்பைக் காட்டி, 'இதையும் பார்க்கிறீர்களா?' என்று விரலால் திருகாணி கழற்றிக் காட்டினார். அதற்கும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவாரோ, சார் மனசு நொந்துவிடுமோ என்று அண்ணனின் வாயையே பார்த்தேன்.

அண்ணன் விசிறுவதை நிறுத்தினார்.

"அது சரியாயிருச்சே சார். இப்பத்தான மூணு மணி நேரம் விடாமப் பேசுனீங்க."

லூர்து சார் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்களும் சிரித்தோம். ஆரோக்கியம் மாமா மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

சரியாயிரும் அண்ணன் இப்போது மணமேல்குடிப் பக்கம் போய்விட்டார், படகுகளில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவிகளைப் பழுதுபார்க்கிறாராம். கடலில் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று எனக்கு லேசாகக் கவலைதான். பக்கத்து ஊர்ப் பாஸ்காவிலும் இப்போது லூர்து சார்தான் பேசுகிறார். இரண்டு ஊரிலும் முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள்.

அவ்வப்போது சார் அண்ணனுக்குப் போன் போடுகிறார். பேச முடியாதவர் போனில் என்ன செய்வார்? இவர் பேசுகிறார், அவர் கேட்கிறார். நானும் போடுவதுண்டு. என் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும், "அண்ணே, லேசா மக்கர் பண்ணுது" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, மறுமுனையில் அவர் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன்.